காக்கிச் சட்டைக்கு ஒரு சொம்பு கூழ்

எனக்கு ஜெயிலுக்குப் போய்வந்த பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரியிடம் இதை மெதுவாகச் சொல்லிவைப்பேன். அவள் லேசாகத் தள்ளி உட்காருவாள். கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வாள். பாயசம் வரும்வரை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம்தான் மீதியைச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போவேன், சாயங்காலம் வந்துவிடுவேன், உள்ளே இருந்த பெண்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கப் போனேன் என்று. அதற்குள் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நான் ஒருத்தி கையை வீசிச் சௌகரியமாகச் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கம்மங்கூழ் வண்டி இருந்தது. ஈரத்துணி சுற்றிய மண்பானை. அதைச் சுற்றிக் கிண்ணங்களில் வெஞ்சனம்: மோர்மிளகாய், சுண்டவத்தல், சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று. வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். லோடுமேன், கண்டக்டர், கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தா எல்லாரும் வரிசையாக நின்று அண்ணாந்து குடிப்பார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அவன் மோர்மிளகாயைக் கடிக்கிற கடியிலேயே சொல்லிவிடுவேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு டீச்சரும் வருவார். கண்ணாடி போட்டவர், சுண்டவத்தலை மட்டும் இரண்டு தடவை கேட்பவர். ஜெயிலில் இருக்கும் பெண்களுக்கு, வெளியே வந்ததும் சொந்தமாகத் தொழில் செய்யப் பழக்கும் வகுப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நீங்க நம்ம வகுப்புக்கு வரணும்."

"படிக்கவா டீச்சர்? இனிமே எனக்கு என்ன ஏறப் போகுது?"

"சொல்லிக்குடுக்க. ஜெயில்ல."

"கூழுல தண்ணி கூடப் போச்சுன்னு நேராச் சொல்லிருக்கலாம்ல. அதுக்குப் போயி ஜெயில்ல போடணுமா?"

அவர் சிரித்தார், விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டோ கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

முதல் நாள் ஒரு பானைக் கூழும் கொண்டுபோனேன். வாசலில் இருந்த வார்டரம்மா, உள்ளே எதுவும் ஒளித்துவைத்திருக்கிறேனா என்று நீளக் கரண்டியை விட்டு அடிவரை துழாவினார். பிறகு கரண்டியில் ஒட்டியதை நக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு வார்டரம்மாவைக் கூப்பிட்டு அவரையும் சோதிக்கச் சொன்னார். கூழில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்தபோது பானையில் கூழும் ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பானை கூடாது, கத்தி கூடாது, அடுப்பு கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலி டம்ளர் கொண்டுபோகலாம்.

அதனால் நாங்கள் காலி டம்ளரில்தான் கடை நடத்தினோம். டீச்சர் போர்டில் எழுதுவார். யார் வாங்குவார்கள், அவர்களுக்கு எப்போது பசிக்கும், அந்த இடத்தில் என்ன இல்லை. எல்லாம் நல்ல கேள்விகள். நான் இத்தனை வருஷம் யோசிக்காமலே செய்துகொண்டிருந்ததை அவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தார். எழுதி முடித்ததும் என்னிடம் விட்டுவிடுவார். ஒருத்தியைக் கடைக்காரியாக நிற்கவைப்பேன். ஊரில் இருக்கிற எல்லாக் கெட்ட வாடிக்கைக்காரனும் நான்தான். பாதி குடித்துவிட்டுப் புளிக்கிறது என்பேன். முழுதும் குடித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்பேன். வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நடையைக் கட்டுவேன். முதலில் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். போகப்போக, காலி டம்ளருக்குக் காசு கேட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அன்றைக்கு டீச்சர் கைதட்டினார்.

அந்த வகுப்பில்தான் ஆத்தூர்க்காரி இருந்தாள். அவளுக்கு என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். மலையடிவாரத்தில் சாராயம் விற்றவள். புருஷன் அந்தச் சரக்கையே குடித்துப் போய்ச்சேர்ந்துவிட்டான். ஒன்பதாவது படிக்கும் ஒரே மகள், திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே ஆத்தூரில் இருக்கும் அவள் தம்பி வீட்டில். அந்தத் தம்பி ஒரு தடவைதான் ஜெயிலுக்கு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னதை அவள் எங்களுக்கு அப்படியே சொல்லிக்காட்டினாள்.

"வெளிய வந்தா ஊரறிய ஒரு தொழில் பண்ணு. போலீசு ஒன்னத் தேடி வராம இரு. அப்பத்தேன் பிள்ளைய அனுப்புவேன். அதுவரைக்கும் அது எம்பிள்ள. இப்பிடிச் சொல்லிட்டுப் போய்ட்டான் மதினி." அழவில்லை. என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். "ஊரறிய விக்க எனக்குச் சொல்லிக்குடுங்க. ஊரறியாம விக்க நான் ஒங்களுக்குச் சொல்லித் தாரேன்."

"மொத ஒன்னோடதச் சொல்லு. வயசான காலத்துல ஒதவும்."

சொன்னாள். வகுப்பே வாயைத் திறந்துகொண்டு கேட்டது. சரக்கு ஒரு இடம், ஆள் ஒரு இடம். ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. வாங்க வருபவன் முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கோர்ட்டில் தெரியும் என்று சொல்ல வேண்டிவரும். சத்தம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காக்கியைக் கண்டால் முதல் வேலை கேனைக் கவிழ்ப்பது.

"சரக்கு போனாப் போகுது. சாட்சி போயிறணும்ல?" என்றாள்.

டீச்சர் போர்டில் எழுதப் போன கையைக் கீழே இறக்கிவிட்டார்.

அவளுக்குக் கூவத்தான் வரவில்லை. கூழு வண்டிக்குப் பானைக்கு அடுத்தது தொண்டைதான். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "கூழே, கம்மங்கூழே" என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னேன். மாதக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். அடுத்த நிமிஷம் விசில். இரண்டு வார்டரம்மாக்கள் தடியோடு ஓடிவந்தார்கள்.

"என்ன கலாட்டா இங்க?"

"கூழு விக்கிறோம் வார்டரம்மா."

"கூழு எங்க?"

"அது போன மாசமே நீங்க குடிச்சது."

அதற்கு மேல் வார்டரம்மா சண்டை போடவில்லை. மெதுவாகக் கூவச் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் மெதுவாகக் கூவினோம். அதில் ஆத்தூர்க்காரியை அடிக்க ஆளில்லை. தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், "கூழு இருக்கு. வேணுமா?" என்றாள்.

"ஏத்தா," என்றேன், "கூழ விக்கிறியா, யாரையாச்சும் முடிக்க ஆளு பேசுறியா?"

அவளே சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கடைசிவரை அவளுக்குச் சத்தம் வரவில்லை.

அவள் வெளியே வந்தபோது டீச்சர் எங்கேயோ சொல்லி ஒரு தள்ளுவண்டி வாங்கித்தந்தார். பானை என்னுடையது. மோர்மிளகாய் என் வீட்டு மாடியில் காய்ந்தது. நாகல் நகரில் கடைகள் முடிந்து வீடுகள் தொடங்கும் முனையில் வண்டியைப் போட்டாள். எனக்குப் போட்டியாகப் பஸ் ஸ்டாண்டில் போடாத அளவுக்குப் பாடம் ஏறியிருந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் வாரம் போய்ப் பார்த்தால் வண்டி நிற்கிறது, பானையைக் காணோம். வண்டிக்குக் கீழே சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறாள். அவளும் வண்டிக்குப் பக்கத்தில் இல்லை. எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரு வண்டித்தா இது? ஆள் இல்லாம கெடக்கு" என்றேன்.

"செத்த நேரம் தள்ளி நிப்போமேன்னு..."

"ஒன்னத் தேடிப் பிடிச்சுத்தேன் ஒருத்தன் கூழு குடிக்கணுமா? பானையத் தூக்கி மேல வையி."

வைத்தாள். ஆட்கள் வந்தார்கள். அதில் பாதி பழைய ஆட்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சரக்கு இருக்கா?" என்று காதோடு கேட்பார்கள். "கூழுதேன்" என்பாள் இவள். அதையும் அவள் காதோடு சொன்னதால் அவர்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒருத்தன் இரண்டு சொம்பு குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி போனான். கம்மங்கூழுக்குத் தள்ளாடிய மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நல்ல ராசியான கைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே ஓடியிருக்கும். ஊர்வலம் ஒன்று வந்தது. அதன் பந்தோபஸ்துக்காக நாகல் நகரில் தெருவுக்குத் தெரு போலீஸ் நின்றது. அன்றைக்கு மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது என்று அவள் சொல்லி அனுப்பியிருந்ததால் நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நான் வண்டியை நெருங்கும்போதே எதிரிலிருந்து ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வண்டிப் பக்கம் வந்தார்.

ஆத்தூர்க்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். இரண்டு கையாலும் பானையைத் தூக்கினாள், சாக்கடையில் கவிழ்த்தாள், பானையை அங்கேயே போட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடினாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பானை உருண்டு வந்து போலீஸ்காரர் பூட்ஸில் முட்டி நின்றது.

அவர் சாக்கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, காலைல இருந்து ஒண்ணும் சாப்டல. ஒரு சொம்பு குடிப்போம்னு வந்தேன். அதுக்கு ஏன் அந்தம்மா சாக்கடைக்கு ஊத்துது?"

"அதுக்கு ஒங்கள விடச் சாக்கடைய ரொம்ப நாளாப் பழக்கம் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? டப்பாவைத் திறந்து மோர்மிளகாய் கொடுத்தேன். வெறும் வயிற்றில் மோர்மிளகாய் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு போனார் அந்தத் தம்பி.

தெரு பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸைக் கண்டதும் ஒருத்தி பானையைக் கவிழ்த்துவிட்டு ஓடினால் பானையில் என்ன இருந்திருக்கும் என்று யாரும் குனிந்து மோந்து பார்க்கவில்லை. கூழுக்குத் தள்ளாடியவன் வேறு சாட்சி சொல்லத் தயாராக இருந்தான். பேச்சு அடுத்த பஸ்ஸிலேயே ஆத்தூர் போய்ச் சேர்ந்தது. ஆத்தூரிலிருந்து காய்கறி கொண்டுவருகிற ஆள் மறுநாள் அவள் தம்பியின் பதிலோடு வந்தான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளாமே, இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம், பிள்ளையை அனுப்புவது என்ற பேச்சே கிடையாது என்று.

அன்றைக்கு மத்தியானம் அவள் என் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அந்தப் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"நான் ஊத்தல மதினி. கை தானா ஊத்திருச்சு."

"அந்தக் கைய இங்கிட்டுக் குடு, உறியில கட்டி வைப்போம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

செய்தி கேட்டு டீச்சர் வந்தார். ஆத்தூர் போய்த் தம்பியிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

"வேணாம் டீச்சர். பேச்செல்லாம் அவன் எங்கிட்ட நெறையக் கேட்டுட்டான். ஒவ்வொரு தடவையும் இனிமே விக்க மாட்டேன், இனிமே விக்க மாட்டேன்னுதேன் சொன்னேன். கண்ணால பாத்தாத்தேன் நம்புவான்."

டீச்சர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டார். "சரி. யாரு வாங்குவாங்க?"

"இனிமே யாரு வாங்குவா?"

"யாருக்குப் பசிக்குதுன்னு பாருங்க."

அவள் பானையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "அந்தப் போலீஸ்காரப் பையன் காலைல இருந்து சாப்டலையாம்ல மதினி?" என்றாள்.

"ஆமா."

"ஸ்டேஷன் வாசல்ல ஒரு டீக்கடதேன் இருக்கு. எத்தன மட்டம் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? மத்தியானம் அங்க ஒண்ணும் கெடைக்காது." பானையைக் கவிழ்த்து வைத்தாள். "சாராயம் விக்கிற எவளும் அங்க போயி வண்டி போட மாட்டா. அப்ப அங்க வித்தா அது கூழுதேன்னு ஊருக்குத் தெரியும்ல?"

டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒரே ஒரு கவலைதான். அங்கே என்றைக்கோ ஒரு காக்கி இல்லை, எந்நேரமும் காக்கிதான். ஒரு நாளைக்கு எத்தனை பானை சாக்கடைக்குப் போகும்? அதனால் மறுநாள் காலையில் கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டுபோய், பானைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, வண்டிச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். மொண்டு ஊற்றலாம், கவிழ்க்க முடியாது.

நல்லவேளை கட்டினேன். பகல் வெயிலில் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அன்றைக்கு என் வண்டிக்கு லீவு. உள்ளேயிருந்து முதலில் வந்தது அந்தப் போலீஸ்காரத் தம்பியேதான். ஆத்தூர்க்காரியின் இரண்டு கையும் பானைக்குப் போயின. தூக்கினாள். கயிறு இழுத்துப் பிடித்தது. வண்டி மொத்தமும் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னம்மா, பானையக் கட்டிப் போட்டிருக்கீங்க? தப்பிச்சுப் போயிருமா?"

"போன தடவ ஓடிருச்சுல்ல சார்" என்றாள் அவள்.

அது அவள் வாயிலிருந்துதான் வந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு ஒரு சொம்பு மொண்டாள். கால் சொம்பு வண்டியிலேயே சிந்தியது. அவர் அண்ணாந்து குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். இரண்டாவது சொம்பில் அவ்வளவு சிந்தவில்லை. உள்ளே போய்ச் சொல்லியிருப்பார் போல. ஏட்டு வந்தார், ரைட்டர் வந்தார், புகார் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டி வந்து ஆளுக்கு ஒரு பக்கமாகத் திரும்பி நின்று குடித்தார்கள்.

ஆனாலும் கூவவில்லை. அங்கே கூவ வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. நேரம் பார்த்து அவர்களே வந்தார்கள். எனக்குத்தான் தொண்டை அரித்தது.

காய்கறிக்கார ஆள் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டு ஆத்தூரில் சொல்லியிருக்கிறான். தம்பி நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அவனே வந்துவிட்டான். அன்றைக்கும் நான் அங்கேதான் இருந்தேன். என் வியாபாரத்தை முடித்துவிட்டு மத்தியானத்தில் அவள் வண்டிக்கு வந்து உட்காருவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனும், தாவணி போட்ட பெண்ணும் நிற்பதை முதலில் நான்தான் பார்த்தேன். முகச்சாயல் சொல்லிவிட்டது.

"ஏத்தா, அங்க பாரு."

பார்த்தாள். கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. வா என்று கூப்பிடவும் இல்லை, பார்க்காதது போலத் திரும்பவும் இல்லை. அவர்களும் ரோட்டைத் தாண்டவில்லை. நடுவில் லாரி போகிறது, டவுன் பஸ் போகிறது. தம்பி வண்டியைப் பார்க்கிறான், ஸ்டேஷன் வாசலைப் பார்க்கிறான். அவன் திரும்பிவிடுவான் போல இருந்தது. நானே கத்திக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அது என் தம்பியும் இல்லை, என் பிள்ளையும் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய வேலை அதுதான்.

அப்போது ஸ்டேஷன் படியில் நின்று அந்தப் போலீஸ்காரத் தம்பி, கையில் யாருடைய பைலோ, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"யக்கா, கூழு இருக்கா, முடிஞ்சிருச்சா?"

ஆத்தூர்க்காரி அவர் பக்கம் திரும்பவில்லை. புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"இருக்கு. கம்மங்கூழு இருக்கு. வாங்க, வந்து குடிங்க."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாத சத்தம். கொஞ்சம் உடைந்து, ரொம்பப் பெரியதாக வந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஜெயிலாக இருந்தால் நிச்சயம் விசில் அடித்திருப்பார்கள்.

தம்பி ரோட்டைத் தாண்டி வந்தான். போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொம்பு வாங்கினான். மெதுவாகக் குடித்தான், கடைசி வாய் வரை குடித்தான்.

"உப்பு கம்மியா இருக்கு" என்றான்.

"ஒனக்கு என்னைக்குடா உப்பு சரியா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

மகள் மாமன் கையிலிருந்த சொம்பை வாங்கி, வாளித் தண்ணீரில் கழுவி, மற்றச் சொம்புகளோடு கவிழ்த்து வைத்தாள். பிறகு பானையில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

"அந்த அத்தைக்கு வேல இல்ல, கட்டி வச்சிருக்காக" என்று என்னைக் காட்டிவிட்டாள். பரீட்சை முடிந்ததும் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தம்பியேதான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான்.

இப்போது அந்த வாசலில் வண்டிகள் நிற்க விடுவதில்லை. புளியமரமும் இல்லை, ரோட்டை அகலப்படுத்தும்போது போய்விட்டது. டீச்சர் மகன் வீட்டோடு போய்விட்டார். மழைக்காலத்தில் முட்டி வலிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் ஞாபகம் வரும். ஆட்டோ, பெரிய கதவு, பையைத் துழாவுகிற கை, உள்ளே சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், எங்கள் காலி டம்ளர்கள்.

வகுப்பு அப்புறமும் கொஞ்ச வருஷம் நடந்தது. ஆத்தூர்க்காரியும் என்னோடு வர ஆரம்பித்தாள். முதல் தடவை வெளியிலிருந்து அந்தக் கதவுக்குள் நுழைந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் விட்டுவிட்டாள். போர்டில் இல்லாத ஒரு பாடத்தை அவள்தான் சேர்த்தாள். வார்டரம்மாவைக் காக்கிச் சேலையோடு எதிரில் நிற்கவைத்து, ஒவ்வொருத்தியும் அவர் முகத்தைப் பார்த்து, சிந்தாமல் ஊற்றிக் கொடுக்க வேண்டும். சாராயக் கேஸில் வந்த பெண்களுக்குக் கை தானாகக் கவிழ்க்கத்தான் போகும். இவள் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "ஊத்தாத, குடு. குடுத்தா என்ன? அவுகளுக்கும் பசிக்கும்ல?" என்பாள்.

வார்டரம்மாவையும் சும்மா சொல்லக்கூடாது. காலி டம்ளரை வாங்கி, அண்ணாந்து, கடைசி வாய் வரை குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பார்.

"வெஞ்சனம் எங்க?"